பெயரைக் காட்டாமல் பெயரைத் தேடலாம்

நன்னிலத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மகளிர் உரிமைத்தொகைக்கு மனு போட்டவர்களின் வீட்டில் கார் இருக்கிறதா, கரண்டு எவ்வளவு ஓடியது என்பதையெல்லாம் அரசு பார்க்கிறதே, எங்கள் விவரம் எத்தனை பேர் கைக்குப் போகும்?"

2023 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தின் விதியே அப்படி. ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம், 5 ஏக்கருக்கு மேல் நஞ்சை, சொந்த கார் இருந்தால் தொகை இல்லை. அதைச் சரிபார்ப்பதில் தவறில்லை. ஆனால், ஒரு துறை தன் பட்டியலை முழுசாக இன்னொரு துறைக்குத் தூக்கிக் கொடுத்தால், மனுவே போடாத கார்க்காரரின் பெயரும் சேர்ந்து கைமாறிவிடும்.

"ஆதார் எண்ணை ஹாஷ் செய்துவிட்டோம் (புரியாத குறியீடாக மாற்றிவிட்டோம்), பயமில்லை" என்று மென்பொருள் விற்பவர்கள் சொன்னால் நம்ப வேண்டாம். 12 இலக்கத்தில் மொத்தமே ஒரு லட்சம் கோடி எண்கள்தான். எல்லாவற்றையும் ஹாஷ் செய்து ஒத்துப்பார்ப்பது நல்ல கிராஃபிக்ஸ் கார்டுக்குச் சில நிமிட வேலை.

உண்மையான வழி அழகானது. ஒவ்வொரு ஆதார் எண்ணும் ஒரு தானியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திட்டத்தை நடத்தும் துறை ஒவ்வொன்றையும் தன் ரகசிய மசாலா சேர்த்துத் தனித்தனியாக அரைத்து அனுப்புகிறது. போக்குவரத்துத் துறை தன் மசாலாவைச் சேர்த்து மறுபடி அரைத்து, வந்த வரிசையிலேயே திருப்பி அனுப்புகிறது. கார் பட்டியலும் போக்குவரத்துத் துறை அரைத்த பொடியாகவே திட்டத் துறைக்கு வந்து இரண்டாம் மசாலாவை வாங்கிக்கொள்கிறது. எந்த மசாலா முதலில் விழுந்தது என்பது பொடிக்குத் தெரியாது. ஒரே தானியம் என்றால் ஒரே மணம். மணம் ஒத்த மனு எது என்று மனு வாங்கிய துறை மட்டும் அறியும். ஒத்துவராத பொடியைச் சலித்தாலும் புடைத்தாலும் உள்ளே இருந்தது துவரையா உளுந்தா என்று தெரியாது.

கணக்கிலும் இதுதான். தானியம் 2 என்றால், அதை மூன்றாம் அடுக்குக்கு உயர்த்தினால் 8. அந்த 8-ஐ ஐந்தாம் அடுக்குக்கு உயர்த்தினால் 32,768. முதலில் ஐந்து (32), பிறகு மூன்று என்றாலும் அதே 32,768. மூன்று ஒரு துறையின் ரகசியம், ஐந்து இன்னொன்றின் ரகசியம். நிஜத்தில் இவை நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்டவை; ஒவ்வொரு முறையும் மாபெரும் பகா எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்வதால், ரகசியம் தெரியாமல் பின்னோக்கிப் போக வழியில்லை.

இது புதுசும் இல்லை. அடிப்படை 1976-இல் டிஃபி, ஹெல்மேன் என்ற மறையீட்டு ஆய்வாளர்கள் தந்தது. 1986-இல் கேத்தரின் மெடோஸ் அதைப் பட்டியல் ஒப்பீட்டுக்குக் கொண்டுவந்தார். வேறொரு முறையில், எஸ்தோனியாவில் 2015 வாக்கில் வரிப் பதிவையும் கல்விப் பதிவையும் திறக்காமலே ஒப்பிட்டார்கள்.

நம் நிலைமை? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, உதவித்தொகைக்காக அரசு தன் பதிவேடுகளைப் பயன்படுத்த 7-ஆம் பிரிவில் வழிவிடுகிறது. பொடியாக்கித்தான் ஒப்பிட வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயப்படுத்த வேண்டும் என்பதே என் கட்சி.

கணக்கால் ஆகாததும் உண்டு. மனுவே போடாத ஒருவரின் எண்ணைப் பட்டியலில் ஓர் அதிகாரி நுழைத்தால், அவரிடம் கார் இருக்கிறதா என்பதும் வெளியே வந்துவிடும். பட்டியலை வெளியார் தணிக்கை செய்தால்தான் அதைத் தடுக்க முடியும். விற்றுவிட்டு ஆர்.சி.யில் பெயர் மாற்றாத கார் இன்னும் பழைய உரிமையாளர் தலையிலேயே நிற்கும். எவ்வளவு பொடியாக்கினாலும் அந்தப் பிழை அப்படியே ஒத்துப்போகும். அதற்குக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடுதான் வழி. குறுஞ்செய்தி வந்த 30 நாளுக்குள் இ-சேவை மையத்தில் போட வேண்டும்.