இடங்கள் பெருகியும் எட்டாத கோப்பை

புதுதில்லி: உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியில் 2026-ஆம் ஆண்டு முதல் 32 அணிகளுக்குப் பதில் 48 அணிகள் என அறிவிக்கப்பட்டு, ஆசியாவுக்கு நேரடியாக 8 இடங்கள் ஒதுக்கப்பட்டபோது, இந்தியாவும் கனவு காணலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. இரண்டாவது தகுதிச் சுற்றிலேயே அது கலைந்தது. 2024 மார்ச்சில் குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானிடமும், ஜூனில் தோஹாவில் கத்தாரிடமும் 1-2 என இந்தியா தோற்றது. கத்தாரின் முதல் கோலுக்கு முன்பே பந்து எல்லைக்கோட்டைக் கடந்துவிட்டது உண்மைதான். ஆனால், சொந்த மண்ணில் ஆப்கானிஸ்தானிடம் தோற்றதற்கு நடுவரைக் குறைகூற இயலாது.

சவூதி அரேபியாவில் நடைபெறும் 2027 ஆசியக் கோப்பையில் 24 அணிகளுக்கு இடமுண்டு. 2025 அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் தோற்று அதையும் இந்தியா இழந்தது. 1964-இல் இந்தியா இரண்டாமிடம் பெற்ற போட்டி இது (அப்போது நான்கே அணிகள் ஆடின என்பது வேறு விஷயம்).

கோல் அடிக்க ஆளில்லாமல், 2024-இல் ஓய்வு பெற்ற சுனில் சேத்ரியை 40 வயதில் மீண்டும் அழைக்க நேர்ந்தது. புதியவர்களை உருவாக்க வேண்டிய சம்மேளனமோ நீதிமன்றப் படிகளில் நின்றது. வெளியார் தலையீட்டைக் காரணம் காட்டி 2022 ஆகஸ்டில் சர்வதேச சம்மேளனம் அதை இடைநீக்கம் செய்து, 11 நாள்களில் தடையை விலக்கியது. ஒப்பந்தச் சிக்கலால் 2025-26 இந்தியன் சூப்பர் லீக் உரிய காலத்தில் தொடங்கவில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாக மசோதா, சம்மேளனங்களின் அங்கீகாரத்தை நிறுத்திவைக்கும் அதிகாரத்தை ஒரு வாரியத்துக்கு அளிக்கிறது. ஆட்ட அட்டவணையை உரிய நாளில் வெளியிடும் பொறுப்பு இன்னமும் சம்மேளனத்தினுடையதே.