ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கிளம்பிய தாலாட்டு

நவீன கவிதை மரபை உதறிவிட்டுப் பிறந்தது என்று சொல்வது வழக்கம். விருதுநகர் மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தேடத் தொடங்கினால் அந்தப் பேச்சு நிற்காது. அவ்வூர்ப் பெரியாழ்வார் யசோதையாகவே மாறிக் கண்ணனைத் தொட்டிலில் இட்டார், சப்பாணி கொட்ட வைத்தார், நிலாவைக் கூப்பிட்டுக் காட்டினார். 1917-இல் வெளிவந்த பாரதியின் ‘கண்ணன் பாட்டு’ அந்தத் தாய்மையைக் கையில் எடுக்கிறது. ஆனால் அங்கே கொஞ்சப்படுவது கண்ணம்மா என்ற பெண் குழந்தை. பராசக்தியைக் குழந்தையாகக் கண்டு சொன்ன பாட்டு என்று தலைப்போடு குறிப்பும் இருக்கிறது. வைணவத் தாலாட்டுக்குள் சக்தி வழிபாடு குடியேறிவிட்டது!

கண்ணன் எல்லோருக்கும் பொது, பெரியாழ்வாரை ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். பெயர் ஒன்றுதான் சான்று என்றால் கேள்வி நியாயம். ஆனால் பாடுகிறவர் தாயாகி நிற்கும் முறையும் பொருந்துகிறதே! பாரதி வாழ்ந்த புதுச்சேரியில் அரவிந்தரின் ‘ஆரியா’ இதழ் 1915-இல் ஆண்டாளைப் பற்றி எழுதியது. ஆழ்வார் தமிழ் அந்த வட்டத்தில் புழங்கியது உறுதி. மூலம் தெரியாமலும் கண்ணம்மாவை ரசிக்கலாம். பாரதி துணிந்து எதை மாற்றினார் என்பது மட்டும் அப்போது பிடிபடாது. சி.சு. செல்லப்பா 1959-இல் தொடங்கிய ‘எழுத்து’ இதழையும் இந்தக் கண்ணோடு புரட்ட வேண்டும். அதில் புதுக்கவிதை எழுதிய ந. பிச்சமூர்த்தி, கோயில் நிர்வாக அதிகாரியாகப் பல ஆண்டுகள் பணியாற்றியவர்; மரபு அவருக்கும் அந்நியமல்ல.