பயண உதவி உண்டு. பணம் எப்போது வரும்?

சவ்வுத் தொழில்நுட்ப மாநாடுகளுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பும் கெடு நெருங்குகிறது. வாசகர் கடிதங்கள் பலவும் ஒரே கேள்வியைக் கேட்கின்றன: வெளிநாட்டு மாநாட்டுக்குப் போக அரசு பணம் தருகிறது என்கிறார்களே, அது எப்போது கைக்கு வரும்? போய்த் திரும்பி, ரசீதுகளை ஒப்படைத்த பிறகுதான் வரும். அரியலூர் மாவட்டத் திருமானூர் வட்டாரத்தில் ஏலாக்குறிச்சி போன்ற ஊரிலிருந்து திருச்சிக்கோ சென்னைக்கோ போய் வேதிப்பொறியியல் படிக்கும் பிள்ளைக்கு, இந்த ஒரு விதியே பயணம் உண்டா இல்லையா என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

அறிவிப்புகளில் 'பயண உதவி' என்று வருவதை, செலவழித்தவருக்குத் திருப்பித் தரும் பணம் என்றே புரிந்துகொள்ள வேண்டும். மத்திய அரசின் அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம் (எஸ்.இ.ஆர்.பி.) நடத்திவந்த சர்வதேசப் பயண உதவித் திட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்த வாரியம் இப்போது, 2023ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் சேர்ந்துவிட்டது. வாரியத்தின் விதிப்படி, குறுகிய வழித்தடத்தில் சாதாரண வகுப்பு விமானக் கட்டணமும் விசா கட்டணமும் கிடைத்தன. இளம் ஆய்வாளர்களுக்கு மாநாட்டுப் பதிவுக் கட்டணமும் கிடைத்தது. விசா மையம் வாங்கும் சேவைக் கட்டணம் கணக்கில் சேரவில்லை. சிக்கல் இவற்றின் வரிசையில் இருக்கிறது. கட்டுரை ஏற்கப்பட்ட கடிதம் வந்தால்தான் விண்ணப்பிக்க முடியும். ஒப்புதல் வருவதற்குள் சலுகைப் பதிவுக் கட்டணத்தின் கெடு முடிந்துவிடலாம், விமான டிக்கெட் விலையும் ஏறிவிடலாம். ஒப்புதல் வந்த பிறகும் டிக்கெட்டைச் சொந்தப் பணத்தில்தான் எடுக்க வேண்டும். இளநிலை ஆய்வு உதவித்தொகை (ஜே.ஆர்.எஃப்.) பெறும் முனைவர் பட்ட மாணவருக்கு மாதம் 37,000 ரூபாய். கேட் தேர்வில் தேறி எம்.டெக். சேர்ந்தவருக்கு 12,400, அரசுப் பள்ளியிலிருந்து கல்லூரிக்கு வந்த மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 1,000. இந்த வருமானத்தில் டிக்கெட் எடுக்க நகையை அடகு வைத்தால், அந்த வட்டியை எழுத எந்தப் படிவத்திலும் இடமில்லை. ஆக, மாணவர் இரண்டு முறை தேர்வு செய்யப்படுகிறார்: முதலில் கட்டுரையின் தரத்தால், பிறகு குடும்பத்தின் கடன் வாங்கும் சக்தியால். இரண்டாவது தேர்வு எந்த விதியிலும் எழுதப்படவில்லை. ஆனாலும் கறாராக நடக்கிறது.

இதைச் சிறு விஷயமாக ஒதுக்க முடியாது: சவ்வு ஆய்வு நம் தண்ணீர் பற்றியது. 1960 வாக்கில் கலிஃபோர்னியாவில் சிட்னி லோபுடன் சேர்ந்து, கடல்நீரைக் குடிநீராக்கும் சவ்வை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன். பின்னாளில் மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீர் ஆலைகள் வந்தன. திருப்பூர் சாய ஆலைகளை 2011இல் உயர் நீதிமன்றம் மூடச் சொன்ன பிறகு, சவ்வு வழியே கழிவுநீரை மீட்டெடுக்கும் எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) முறை அங்கே தொழிலின் உயிர்நாடி ஆயிற்று. கடின நீரின் கால்சியம் உப்புகள் சவ்வின் மேல் படிந்து அடைத்துக்கொள்வது இத்துறையின் தீராத தலைவலி. சுண்ணாம்புக்கல் பூமியான அரியலூரில் வளர்ந்தவருக்கு அது பாடப்புத்தகச் செய்தியாக மட்டும் இருக்காது. எந்தச் சவ்வு எத்தனை நாளில் அடைத்தது, எந்தக் கழுவுமுறை பலிக்கவில்லை என்ற தோல்விக் கணக்குகள் ஆய்விதழ்களில் அரிதாகவே அச்சேறுகின்றன. போஸ்டர் முன்னால் நின்று பேசும்போதுதான் அவை கைமாறுகின்றன. 2020இல் லண்டனில் கூட வேண்டிய உலக சவ்வு மாநாடு தொற்றுக்காலத்தில் இணையவழிக்கு மாறியது. உரைகளைக் கேட்க அது போதும், இந்தப் பேச்சுக்குப் போதாது.

முன்பணம் கொடுத்தால் ஏமாற்றுவார்கள் என்பது அதிகாரிகள் தரப்பு வாதம். பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டும் என்பது நியாயமே. ஆனால் விடுமுறைப் பயணம் போகும் மத்திய அரசு ஊழியருக்குக் கட்டணத்தில் 90 சதவீதம் வரை முன்பணம் உண்டு. பத்து நாளில் டிக்கெட்டைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் முன்நிபந்தனை. சுற்றுலாவுக்குச் செல்லுபடியாகும் நம்பிக்கை ஆய்வுக்கும் செல்லுபடியாக வேண்டும். ரொக்கமே கொடுக்க வேண்டாம் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. அரசு அலுவலர்களுக்கு டிக்கெட் எடுக்கும் பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. ஆகிய முகமைகளே மாணவருக்கும் எடுத்துக் கொடுத்து, பில்லை நேரே அரசுக்கு அனுப்பலாம். நிதி போதாது என்பதும் இங்கே பொருந்தாது: கொடுக்கும் தொகை மாறப்போவதில்லை, கொடுக்கும் தேதிதான் மாறும்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

பார்வையாளராகப் போனால் உதவி கிடைக்குமா? மாநாட்டைப் பொறுத்தவரை கிடைக்காது; கட்டுரை ஏற்கப்பட்டிருக்க வேண்டும்.

வெளிநாட்டு அமைப்புகள் உதவுமா? ஐரோப்பிய, வட அமெரிக்க சவ்வுக் கழகங்கள் மாணவர்களுக்குப் பயண உதவி தருகின்றன. உறுப்பினர் நிபந்தனையை முதலில் படியுங்கள்.

எவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும்? டிக்கெட், போர்டிங் பாஸ், பதிவு ரசீது, பங்கேற்புச் சான்றிதழ்.

டெல்லி விதியை மாற்றும்வரை என்ன செய்வது? கல்லூரிகள் ஒரு சுழல்நிதி வைத்து முன்பணம் தரலாம். அரசுப் பணம் வந்ததும் அது நிதிக்கே திரும்பும், அடுத்த மாணவர் கிளம்பலாம்.