அழற்சியின் தூதுவர்கள்

மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே 1895 முதல் இறங்கிவரும் பேரியாற்று நீரின் புண்ணியத்தால், தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் இன்று இருபோகம் காண்கிறது. நடவு முடிந்து கணுக்காலளவு நீர் நிற்கும் வயல்களில் கொக்குகள் இரைதேடும் காட்சியைக் கண்டு மகிழாதார் இல்லை. ஆயினும் நீர் தேங்கும் நெல்வயல்களையே ஒருவகைக் கியூலெக்ஸ் கொசு முட்டையிடத் தேர்ந்துகொள்கிறது என்பதும், கொக்கு, பன்றி முதலியவற்றின் ரத்தத்தில் பெருகும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸை மனிதரிடம் கொண்டுவந்து சேர்ப்பது அதுவே என்பதும், நெல் விளையும் பிரதேசத்தார் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய விஷயம். நம் நாட்டில் இந்நோய் மனிதரிடம் முதன்முதல் இனங்காணப்பட்டது 1955-இல், வேலூரில்தான்.

தொற்றுக்குள்ளானவர்களில் சுமார் 250 பேரில் ஒருவருக்கே நோய் கடுமையாகிறது. கடுமையானாலோ, பெரும்பாலும் குழந்தைகளாயிருக்கும் அந்நோயாளிகளில் நூற்றுக்கு 30 பேர் வரை மாண்டுபோக, பிழைத்தவர்களிலும் பலர் வலிப்போடும் வாதத்தோடும் வாழ்நாளெல்லாம் வருந்துகிறார்கள். இத்தனை நாசத்தையும் வைரஸ் ஒன்றே செய்துவிடுவதில்லை என்பதுதான் நெஞ்சை உலுக்கும் உண்மை.

நரம்புச் செல்களைப் பேணுவதற்கென்றே மூளையில் கிளியல் செல்கள் இருக்கின்றன. அவற்றுள், ஸ்பெயின் தேசத்து ரியோ ஓர்த்தேகா 1919-இல் தனியினமாகப் பிரித்துக் காட்டிய மைக்ரோகிளியா, மெல்லிய கிளைகளை நீட்டிச் சுற்றுப்புறத்தை ஓயாமல் துழாவியபடி இருக்கும். வைரஸ் நுழைந்ததும் அது கிளைகளைச் சுருக்கி, உடல் பருத்து, சமிக்ஞைகளை வெளியிடத் தொடங்குகிறது. சரத்தில் மணிகளைக் கோத்தாற்போல் அமினோ அமிலங்கள் சில இணைந்தால் பெப்டைடு. சரம் நீண்டால் புரதம். சைட்டோகைன்கள் என்னும் இச்சமிக்ஞைகள் அத்தகைய சிறு புரதங்களே. அவற்றுள் சில ரத்தத்திலுள்ள வெள்ளணுக்களை மூளைக்குள் அழைக்கின்றன. சில அண்டையிலுள்ள மைக்ரோகிளியாவையும் உசுப்புகின்றன. அவை தாமும் அதே சமிக்ஞையை வெளியிட, அழற்சி மூண்டெழுந்து, காக்க வந்த செல்களாலேயே நரம்புச் செல்கள் மடிகின்றன. மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் அனிர்பன் பாசு குழுவினர் 2007-இல் நிரூபித்தது இதைத்தான். மறு ஆண்டே, மைக்ரோகிளியாவை அடக்கும் மினோசைக்ளின் என்ற பழைய மருந்து, நோயுற்ற எலிகளைக் காப்பதையும் அவர்கள் கண்டார்கள். மனிதரிடம் அதன் பயன் இன்னும் ஐயமற நிறுவப்படவில்லை.

அழற்சியைத் தணிக்கும் தூதுவர்களும் நம் சரீரத்திலேயே உண்டு. 1970-இல் சையீத், முட் என்ற ஆய்வாளர்கள் பன்றியின் குடலிலிருந்து பிரித்தெடுத்த, 28 அமினோ அமிலங்கள் கொண்ட வி.ஐ.பி. என்ற பெப்டைடு, உசுப்பப்பட்ட மைக்ரோகிளியாவைச் சாந்தப்படுத்துவதாகச் சோதனைச்சாலை ஆய்வுகள் காட்டுகின்றன. குடலில் கண்டெடுத்த பொருள் மூளைக்கும் உதவுமாயின் அதனினும் பெரிய நற்செய்தி வேறில்லை. ஆயினும் அது மருந்தாக நோயாளியின் கைக்கு வர நெடுங்காலம் ஆகலாம்.

அதுவரை தடுப்பூசியும் வயலுமே நமக்குத் துணை. நோய் மிகுந்த மாவட்டங்களில் 2006 முதல் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டுவருகிறார்கள். மதுரையிலிருந்த மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தார், வேப்பம்புண்ணாக்கு கலந்த யூரியாவையும், நம் விவசாயிகள் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று சொல்லும் நீர்முறையையும் நெல்வயல்களில் சோதித்துப் பார்த்தார்கள். வயல் இடையிடையே காய்ந்தால் கொசுப்புழு வளர்ந்து பறக்க வழியில்லை. ஆனால் வயலுக்கு வயல் நீர் பாயும் பாசனத்தில் ஒருவர் மட்டும் மடையை அடைத்துப் பயனில்லை. ஆயக்கட்டிலுள்ள அனைவரும் ஒரே முறை வைத்து நீர் பாய்ச்சினாலன்றி அது கைகூடாது.