மரக்கரண்டிக்கு எந்த எண்ணெய்?

இழைத்து, உப்புத்தாள் தேய்த்து முடித்த மரக்கரண்டியை அப்படியே குழம்பில் விட்டால் மஞ்சளையும் புளியையும் குடித்துக் கறுத்துவிடும். அதற்காக வார்னிஷ் பூசிவிடாதீர்கள். அது மரத்தின் மேல் ஏடாக நிற்கும். சட்டி விளிம்பில் தட்டத் தட்டப் பெயர்ந்து சோற்றில் விழும். மரத்துக்குள் இறங்கும் எண்ணெய்தான் தேவை.

வீட்டிலிருக்கும் தேங்காய் எண்ணெய் பூசியதும் பளபளக்கும். ஆனால் அது காயாது. பாதி கழுவலில் போய்விடும், மிச்சம் மரத்துளைகளில் தங்கி நாளாவட்டத்தில் சிக்கு வாடை அடிக்கும். ஆளி விதை எண்ணெய் வேறு ரகம். அதன் கொழுப்பு அமிலங்களில் இரட்டைப் பிணைப்புகள் அதிகம். அங்கே ஆக்சிஜன் சேரச் சேர மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து இறுகிவிடுகின்றன. காயும்போது இந்த எண்ணெய் ஆக்சிஜனை வாங்கி எடைகூடக் கூடும்! இரட்டைப் பிணைப்பின் அளவைச் சொல்வது அயோடின் எண்: தேங்காய் எண்ணெய்க்கு 10 அளவில், நல்லெண்ணெய்க்கு 110 அளவில், ஆளி விதைக்கு 170க்கு மேல்.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 'டபுள் பாயில்டு' ஆளி விதை எண்ணெய் வேண்டாம். சீக்கிரம் காய்வதற்காக அதில் கோபால்ட், மாங்கனீசு உப்புகள் சேர்ப்பது வழக்கம். சமையலுக்கென்றே விற்கும் சுத்தமான ஆளி விதை எண்ணெயை வாங்குங்கள்.

முதலில் கரண்டியை நனைத்துக் காயவிடுங்கள். நார் எழும்பிச் சொரசொரக்கும். அதை நைஸ் உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் பிறகு எழும்புவது குறையும். எண்ணெயை மெல்லப் பூசி, கால் மணி நேரம் கழித்து ஒட்டத் துடையுங்கள். துடைக்காமல் விட்டால் பிசுபிசுப்பு போகவே போகாது. ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் அடுத்தது என மூன்று முறை. பிறகு காற்றோட்டத்தில் சில வாரம் தொங்கட்டும்.

துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். எண்ணெய் இறுகும்போது வெளிவரும் சூடு சுருட்டலுக்குள் தேங்கித் தானாகவே தீப்பிடிக்கும். 1991இல் பிலடெல்பியாவின் 38 மாடிக் கட்டடமான ஒன் மெரிடியன் பிளாசாவில் இப்படித் தொடங்கிய தீ மூன்று தீயணைப்பு வீரர்களின் உயிரைக் குடித்தது. துணியைத் தண்ணீரில் முக்கியெடுத்து, வெளியில் விரித்துக் காயவையுங்கள்.

காய் நறுக்கும் பலகைக்கு நான் சொல்வது வேறு. கத்தி எந்தப் பூச்சையும் கீறிவிடும் என்பதால் எளிதில் புதுப்பிக்கக்கூடியதே நல்லது. மருந்துக்கடை லிக்விட் பாரஃபின் நாலு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு, இரண்டையும் வெந்நீர்ச் சூட்டில் உருக்கித் தேய்க்கலாம். லிக்விட் பாரஃபினுக்குச் சிக்கு வாடை வராது. தேன்மெழுகு 65 டிகிரிக்குள் உருகிவிடுவதால் கொதிக்கும் குழம்புக் கரண்டிக்கு ஆகாது.

வால்நட் எண்ணெயும் காயும் ரகம்தான்; ஆனால் கொட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆபத்து. ஆகவே செய்து விற்பவர்கள் எதைப் பூசினோம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கட்டுங்கள். வாங்குபவர்களும் கேட்டு வாங்குங்கள்.