நாரிநோவுக்குப் படுக்கை மருந்தாகுமா?

நியூ ஜேர்சி மாநிலத்தில் வாகன ஓட்டிகள் தம் கையால் எரிபொருள் நிரப்பிக்கொள்ள அனுமதி இல்லை. 1949ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று அதனைத் தடுக்கின்றது. ஆகையால், அங்குள்ள பெற்றோல் நிலையங்களில் பனியிலும் வெயிலிலும் நின்று எரிபொருள் நிரப்புவதற்கு ஆட்கள் வேண்டும். ஆங்கிலப் புலமையோ உள்ளூர்ச் சான்றிதழோ அதிகம் கேட்கப்படாத அந்த வேலை, புதிதாக வந்திறங்கியவர்கள் நாடும் வேலைகளுள் ஒன்று. நாள் முழுவதும் கொங்கிறீற் தரையில் நின்றுவிட்டு வீடு திரும்பும் ஒருவர் சப்பாத்தைக் கழற்றக் குனிகின்றார். நாரி பிடித்துக்கொள்கின்றது. நிமிர முடியவில்லை.

மறுநாள் வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் இல்லை. மருத்துவக் காப்புறுதி பலருக்கு இல்லை. அகதி விண்ணப்பம் நிலுவையில் இருப்பவருக்கோ வைத்தியசாலை வாசலை மிதிக்கவே அச்சம். எனவே சித்தாலேப்பவைத் தடவி, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, இரண்டு குளிசைகளை விழுங்கிவிட்டு ஊருக்குத் தொலைபேசி எடுத்தால், “ஒரு கிழமை அசையாமற் படு தம்பி” என்று தாயார் சொல்லுகின்றார். ஒத்தடம் சரி. படுக்கைதான் பிழை.

இது துணிந்து சொல்லத்தக்க செய்தி. ரெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்ரோனியோ நகரில் மருத்துவர் றிச்சர்ட் டேயோவும் அவருடைய தோழர்களும் நாரிநோவுடன் வந்த 203 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை 2 நாட்களும் மற்றப் பிரிவினரை 7 நாட்களும் படுத்திருக்கும்படி பணித்தனர். 1986இல் வெளியான அவ்வாய்வின்படி, நெடுநாள் படுக்கை நோவை மேலதிகமாகக் குறைக்கவில்லை. 2 நாட்கள் மட்டும் படுக்கும்படி பணிக்கப்பட்டவர்கள் இழந்த வேலை நாட்களோ 45 வீதம் குறைவு. நாட்சம்பளக்காரருக்கு இந்தக் கணக்கின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

அதன் பின்னர் வந்த ஆய்வுகளும் அதே திசையையே காட்டின. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, புதிதாக வந்த நாரிநோ பெரும்பாலும் எந்தச் சிகிச்சை செய்தாலும் காலப்போக்கில் தணியும். ஆகையால் வெப்பம், உருவுதல் போன்ற மருந்தில்லா முறைகளே முதலில் வரவேண்டும். நமது பாட்டிமாரின் ஒத்தடத்துக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் தேவையில்லை. மாறாக, நாம் கைகண்ட மருந்தாகக் கருதும் பனடோல், இங்கே ரைலனோல் என்ற பெயரில் விற்கப்படுவது, 2014இல் அவுஸ்திரேலியாவில் 1,600க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட ஆய்வில் வெற்றுக் குளிசையைவிட விரைவாக எவரையும் குணப்படுத்தவில்லை.

ஆனால் மூன்று மாதம் கடந்தும் நீங்காத நோவு வேறு கதை. அங்கே உடலோடு மனமும் களைத்துப்போகின்றது. “இனி என்னால் ஏலாது” என்ற எண்ணம் வேரூன்றுகின்றது. இந்த இடத்திலேதான் கலிபோர்ணியாவின் வளைகுடாப் பகுதியிலுள்ள ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஒரு முயற்சி நமது கவனத்துக்குரியதாகின்றது.

கேற் லோறிக் அம்மையார் தாதியாகப் பயின்றவர். 1970களின் பிற்பகுதி தொடக்கம் மூட்டுவாத நோயாளருக்கு அவர் வகுப்புகளை அமைத்தார். அவற்றை நடத்தியவர்கள் மருத்துவர்கள் அல்லர். அதே நோயுடன் வாழும் சாதாரண மனிதர்கள். வகுப்புக்கு வந்தவர்கள் தேறினார்கள். ஏன் தேறினார்கள் என்று ஆராய்ந்தபோது, செய்த பயிற்சியின் அளவைவிட, “என் நோயை என்னாற் சமாளிக்க முடியும்” என்ற நம்பிக்கை வளர்ந்ததே தேறுதலோடு நெருங்கிய தொடர்புடையதாக இருந்தது.

இந்த அனுபவத்துடன் அவர் நாரிநோவின் பக்கம் திரும்பினார். 49 மாநிலங்களைச் சேர்ந்த 580 பேர் தெரிவு செய்யப்பட்டனர். ஒரு பாதிக்கு நாரிநோ பற்றிய நூல் ஒன்றும் ஒளிநாடா ஒன்றும் வழங்கப்பட்டன. அவர்கள் மட்டும் பங்குகொள்ளும் மின்னஞ்சற் குழு ஒன்றும் அமைக்கப்பட்டது. அதில் ஒருவர் எழுதுவதை எல்லோரும் வாசிப்பர், விரும்பியவர் பதில் எழுதுவர். மற்றப் பாதிக்கு உடல்நலத்துடன் தொடர்பில்லாத சஞ்சிகை ஒன்றுக்குச் சந்தா. ஓராண்டு கழிந்ததும், எழுதிப் பகிர்ந்தவர்களிடம் நோவும் இயலாமையும் மனக்கவலையும் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தன. ஆறு மாத காலத்துக்கான மருத்துவர் சந்திப்புகள் இவர்களிடம் சராசரியாக 1.5 ஆலும், மற்றவர்களிடம் 0.65 ஆலும் குறைந்தன. சான் அன்ரோனியோவின் டேயோவும் பங்குகொண்ட இந்த ஆய்வு 2002இல் வெளியாயிற்று.

மிகைப்படுத்த வேண்டாம். மருத்துவர் சந்திப்பிற் கண்ட வேறுபாடு தற்செயலாக நேர்ந்திருக்கக்கூடிய எல்லையை முற்றாகத் தாண்டவில்லை. நூலின் பங்கு எவ்வளவு, ஒருவருக்கொருவர் எழுதிய ஆறுதலின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லவும் இயலாது. பங்குகொண்டவர்கள் கணினி வைத்திருந்தவர்கள். ஆபத்தான அறிகுறி எதுவும் இல்லாதவர்கள். எனினும், முகம் அறியாதவர்கள் எழுத்தால் மட்டும் ஒருவரையொருவர் எழுப்பி நடக்கவைத்தார்கள் என்பது சிறிய சங்கதி அன்று.

நம்மவரிடம் இன்று கைத்தொலைபேசி உண்டு. திருமணத்துக்கும் மரண அறிவித்தலுக்கும் வாட்ஸ்அப் குழுக்கள் உண்டு. நாரிநோ உடைய பத்துப்பேர் தமிழில் அவ்வாறு கூடிக்கொள்ளத் தடை ஏது? ஸ்ரான்போர்ட் வகுப்புகளிற் கையாளப்படும் முறை மிக எளிது. இந்தக் கிழமை என்ன செய்வேன், எவ்வளவு, எப்போது, எத்தனை நாள் என்று ஒருவர் சொல்லவேண்டும். “வேலை முடிந்ததும் பத்து நிமிடம், கிழமைக்கு நான்கு நாள் நடப்பேன்” என்பது போல. பின்னர், இதைச் செய்து முடிப்பேன் என்ற நம்பிக்கைக்குப் பத்துக்கு எத்தனை புள்ளி என்று கேட்கப்படும். ஏழுக்குக் குறைந்தால் திட்டத்தைச் சிறிதாக்க வேண்டும். கிழமை முடிவில் நடந்ததைக் குழுவுக்கு அறிவிக்க வேண்டும்.

நடை என்பதை இலேசாக எண்ணற்க. நாரிநோவிலிருந்து தேறிய 701 பேரிடம் நடத்தப்பட்டு 2024இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வில், படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு நோவு திரும்பிவர நடுத்தரமாக 208 நாட்கள் சென்றன. ஏனையோருக்கு 112 நாட்கள்.

அத்தகைய குழுவில் ஒன்று மட்டும் கூடாது: ஒருவருக்கு மருத்துவர் கொடுத்த வலிக்குளிசையை மற்றவருக்குக் கைமாற்றுதல்.

குழுவுக்கு எழுதிக்கொண்டிராமல் உடனே வைத்தியசாலைக்கு ஓடவேண்டிய வேளைகளும் உண்டு. சிறுநீர் போகாமல் அடைத்தல், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போதல், தொடைகளின் உட்புறமும் மலவாயிலைச் சுற்றியும் மரத்தல், கால் வரவரப் பலமிழத்தல் ஆகியவை நரம்பு நசிபடுவதன் அறிகுறிகள். மணித்தியாலங்கள் கூடப் பெறுமதியானவை. காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், முன்னர் புற்றுநோய் வந்தமை, விழுந்து அடிபட்டமை ஆகியவற்றோடு சேர்ந்த நோவையும் மருத்துவர் பார்க்கவேண்டும். 1986ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டத்தின்படி, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவரைப் பணமோ வதிவிட உரிமையோ இல்லை என்பதற்காகப் பரிசோதியாமல் திருப்பி அனுப்ப முடியாது. கூட்டரசின் நிதி பெறும் வைத்தியசாலைகள் மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றி ஏற்படுத்தித் தரவும் கடமைப்பட்டவை. “தமிழ்” என்ற ஒரு சொல்லைச் சொன்னாற் போதும்; பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் மறித்துக் கூட்டிச்செல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. நம்மவர் சிலரின் நாரிநோ பெற்றோல் நிலையத்திலே தொடங்கியது அன்று. தடுப்பு முகாமில் துவக்குப்பிடியால் வாங்கிய அடி, தலைகீழாகத் தொங்கவிடப்பட்ட இரவு, உள்ளே தங்கிவிட்ட எறிகணைச் சிதறல் என்பனவும் முள்ளந்தண்டில் எழுதப்பட்டிருக்கின்றன. கூச்சத்தால் அதனை மருத்துவரிடம் மறைப்பவர் பலர். சிதறல் உடலில் இருப்பதைச் சொல்லாமல் எம்.ஆர்.ஐ. இயந்திரத்துள் படுப்பது ஆபத்து. அத்துடன், சித்திரவதையின் அடையாளங்களை மருத்துவர் முறைப்படி பதிவு செய்வதற்கென 1999இல் உருவான இஸ்தான்புல் நெறிமுறை உண்டு. அவ்வாறான மருத்துவ அறிக்கை அகதி விண்ணப்பத்தில் சான்றாகச் சேர்க்கப்படக்கூடியது. எனவே அடிபட்ட திகதி, இடம், பட்ட விதம் ஆகியவற்றை நினைவிலுள்ளபடி தமிழிலேயே ஒரு தாளில் எழுதி, முதலில் உங்கள் சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.