முதல்ல இறங்கு... அப்புறம் இறக்கு!

லாங் டிரைவ்னு சொன்னதும் மனசுல என்ன ஓடுது? வழுக்கிட்டுப் போற தார் ரோடு, ஸ்பீக்கர்ல பாட்டு, அரை மணிக்கு ஒரு டீ. அதையெல்லாம் ஓரமா வெச்சுட்டு, இந்த ஃபோர் வீல் டிரைவ் வண்டியில ஏறுங்க பாஸ். பெல்ட்டை மட்டும் இறுக்கமா போட்டுக்கங்க!

நாம போற இடம் ஆஸ்திரேலியாவின் கேப் யார்க் தீபகற்பம். பப்புவா நியூகினியைப் பார்த்து விரல் நீட்டுற மாதிரி, கண்டத்தின் வடகிழக்கு மூலையில நீண்டு கிடக்கிற நிலம். கெய்ன்ஸ் நகரத்துல கிளம்பினா வட முனைக்குச் சுமார் ஆயிரம் கிலோமீட்டர். நினைச்ச மாசத்துல கிளம்பிட முடியாது. டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் மழை பின்னி எடுக்கும். ஆறெல்லாம் பொங்கி, சாலைகளை மூடிடுவாங்க. அதனால மே முதல் அக்டோபர் வரைதான் சீஸன்.

காத்தை இறக்கு!

லாரா, கோயன்னு சின்னச் சின்ன ஊர்களைத் தாண்டிப் போனா, தார் முடிஞ்சு செம்மண் ரோடு வரும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் படுக்கப்போட்ட மாதிரி நெளி நெளியா இருக்கும். உடம்புல இருக்கிற எலும்பெல்லாம் தனித்தனியா 'உள்ளேன் ஐயா' சொல்லும்! இங்கே அனுபவசாலிகள் செய்யற முதல் வேலை, டயர்ல காத்தைக் குறைக்கிறது. கல்லு மாதிரி இருக்கிற டயர் ஒவ்வொரு நெளியிலும் துள்ளும். காத்து குறைஞ்சா டயர் தரையில நல்லா படிஞ்சு பிடிச்சுக்கும், குலுக்கலும் குறையும். அப்போ வேகத்தையும் குறைச்சே ஆகணும். இல்லேன்னா டயர் சூடாகிக் கிழிஞ்சிடும்.

ரோட்டோரத்துல ஆளுயரத்துக்கும் மேல கரையான் புற்றுகள். வழி நெடுக அவங்கதான் நமக்குக் கம்பெனி!

தந்தி போன பாதை

பிராம்வெல் ஜங்ஷன்ல ரோடு ரெண்டாப் பிரியுது. ஒண்ணு பைபாஸ். அதுவும் மண் ரோடுதான், ஆனா பெரிய ஓடைகளைச் சுத்திக்கிட்டுப் போகும். இன்னொண்ணுதான் ஹீரோ: ஓல்டு டெலிகிராஃப் டிராக். 1880-களில் தீபகற்பத்தின் நெடுக தந்திக் கம்பி இழுத்தாங்க. அந்தக் கம்பிக்காகப் போட்ட தடம்தான் இது. தந்தி போயிடுச்சு, தடம் இருக்கு. பெரும்பாலும் பாலம் கிடையாது. ஓடைக்கு மேல ஓடை. அதுல கன்ஷாட் கிரீக்னு ஒண்ணு இருக்கு. கரையில இருந்து கிட்டத்தட்ட செங்குத்தா வண்டியோட மூக்கைக் கீழே இறக்கணும்!

'நம்ம வண்டி நாலு சக்கரமும் இழுக்கும்ல, விடு மச்சி'ன்னு தண்ணிக்குள்ள பாயறவங்கதான் இங்கே மாட்டுறாங்க. இன்ஜின் காத்தை இழுக்கிற வழியில தண்ணி புகுந்தா கதை முடிஞ்சுது. காத்தை அமுக்கலாம், தண்ணியை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள்ள கனெக்டிங் ராடு வளைஞ்சு, இன்ஜினே காலி. அதுக்காகத்தான் காத்து இழுக்கிற குழாயைக் கூரை உயரத்துக்குக் கொண்டுபோற ஸ்நார்க்கெல். அதைவிடப் பெரிய பாதுகாப்பு செலவே இல்லாதது: வண்டியை நிறுத்திட்டு, முதல்ல இறங்கிப் பார்க்கிறது. ஆழம் எவ்வளவு, அடியில மணலா பாறையா, ஏறுற கரை எப்படி? தெரிஞ்ச பிறகு லோ ரேஞ்ச் கியர் போட்டு, ஒரே சீரான வேகத்துல, நடுவுல கியர் மாத்தாம கடக்கணும்.

ஆனா இங்கேதான் ட்விஸ்ட். உவர்நீர் முதலைகள் வாழற ஊர் இது. பேருதான் உவர்நீர், நல்ல தண்ணி ஆத்துலயும் இருக்கும். தண்ணி கலங்கி, தரை தெரியலையா? இறங்கி ஆழம் பார்க்கிறதே ஆபத்து. இறங்கிப் பார்க்க முடியாத தண்ணியில வண்டியை இறக்கவும் கூடாது. திரும்பறதுதான் வழி.

13 பேர்ல 3 பேர்

திரும்பாம போனவங்க கதையும் இந்த மண்ணுல இருக்கு. 1848-ல எட்மண்ட் கென்னடி தலைமையில 13 பேர், குதிரைகளோடும் வண்டிகளோடும் வட முனைக்குக் கிளம்பினாங்க. காடும் சதுப்பும் விடலை. வண்டிகளைப் பாதியிலேயே விட்டாங்க. பசியும் நோயும் ஒவ்வொருத்தரா சாய்ச்சுது. தங்கள் நிலத்துல புகுந்தவங்களை எதிர்த்த பழங்குடி மக்களின் ஈட்டியில, முனைக்குப் பக்கத்துல போய் கென்னடி இறந்தார். கடைசிவரை கூட இருந்தவர் கால்மாரா என்ற பழங்குடி இளைஞர். தானும் காயத்தோட தனியா நடந்து, காத்திருந்த கப்பலை அடைஞ்சு தகவல் சொன்னார். அதனால மேலும் ரெண்டு பேரை உயிரோட மீட்க முடிஞ்சது. மிஞ்சினது மொத்தம் மூணே பேர்.

இன்னைக்கு ஜார்டின் ஆத்தைக் கடக்க ஃபெர்ரி இருக்கு. அக்கரையில பமகா, இன்ஜினூ மாதிரி ஊர்கள்ல பழங்குடி மக்களும் டோரஸ் நீரிணைத் தீவு மக்களும் வாழறாங்க. அவங்க மண்ணுல நாம விருந்தாளி, அவ்வளவுதான். அங்கிருந்து காட்டு வழியில போய், கடைசியா கொஞ்ச தூரம் பாறைமேல நடக்கணும். ஆமா, முனைக்கு வண்டி போகாது! பஜிங்கான்னு அழைக்கப்படும் அந்த முனையில ஒரு சின்னப் பலகை, எதிரே நீலக் கடல்.

கன்ஷாட்ல துணிஞ்சு இறங்கினவரும், 'இன்னைக்கு வேணாம்'னு பைபாஸ்ல சுத்தி வந்தவரும் போட்டோ எடுத்துக்கறது அதே பலகை பக்கத்துலதான். திரும்பிப் போனதுக்காக அங்கே யாரும் மார்க் குறைக்கிறது இல்லை!